மாஸ்னேயின் ஓபராக்களில் பாத்திரம் மாறும் இடத்தைக் காதால் பிடிக்கும் முறை

பிரெஞ்சு இசையமைப்பாளர் ழூல் மாஸ்னே (1842–1912) எழுதிய ஓபராக்களில், அதாவது முழுக்கப் பாடி நடிக்கும் இசை நாடகங்களில், பாத்திரங்கள் தாங்கள் மாறிவிட்டதாக வாய்விட்டுச் சொல்வது குறைவு. சொன்னாலும் பாதிதான் உண்மையாக இருக்கும். மீதி உண்மை ஆர்கெஸ்ட்ராவில் கிடக்கும்; ஒரு மெட்டு யார் வாயிலிருந்து யார் வாய்க்குப் போகிறது என்பதில் கிடக்கும். சப்டைட்டிலை மட்டும் நம்பிப் பார்ப்பவருக்குத் ‘தாயிஸ்’ ஒரு கணிகை துறவியான கதை, ‘மனோன்’ ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டு அழிந்த பெண்ணின் கதை, ‘வெர்தர்’ காதல் கைகூடாமல் உயிரை விட்ட இளைஞனின் கதை. மூன்றும் தவறில்லை. ஆனால் அந்த மூன்று வரியோடு எழுந்து போனால், கூட இருக்கும் இன்னொரு ஆள் எப்படி மாறினார் என்பது கண்ணில் படாமலே போய்விடும். மாஸ்னேயிடம் மாற்றம் எப்போதும் இரண்டு பேருக்கு இடையில்தான் நடக்கிறது.

கீழே உள்ள முறைக்கு ஸ்வரக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரு ஓபராவுக்கு மூன்று நான்கு மாலைகள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: கையில் என்ன வேண்டும்

முழு ஒலிப்பதிவு ஒன்று, பிரெஞ்சு வரியும் மொழிபெயர்ப்பும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் லிப்ரெட்டோ (ஓபராவின் வசன நூல்) ஒன்று, பியானோவுக்குச் சுருக்கிய ஸ்கோர் (ஸ்வரக்குறிப்புப் புத்தகம்) ஒன்று. மாஸ்னே இறந்து நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டதால் அவருடைய பழைய ஸ்கோர் பதிப்புகள் காப்புரிமை இல்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. நோட்டு படிக்கத் தெரியாதவர் ஸ்கோரை ஏன் எடுக்க வேண்டும்? மேடைக் குறிப்புகளுக்காக. யார் எங்கே நிற்கிறார், எப்போது மண்டியிடுகிறார், எந்தச் சொல்லை முணுமுணுப்பாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் மாஸ்னே வரிக்கு வரி எழுதி வைத்தவர். சப்டைட்டிலில் இவை ஒன்றுமே வராது.

‘தாயிஸ்’ கேட்க ரெனே ஃப்ளெமிங்கும் தாமஸ் ஹாம்ப்சனும் இவ் ஆபெல் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகையில் பாடிய பதிவு எளிதில் கிடைக்கும். ‘மனோன்’ என்றால் 1955-ல் பியர் மோந்த்தூ நடத்தி விக்டோரியா தெ லோஸ் ஆங்கெலெஸ் பாடியது. ‘வெர்தர்’ என்றால் ழார்ஜ் தில், நினோன் வாலேன் இருவரும் பாடிய 1931 பதிவு. ஒலி பழசுதான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும்.

தேர்ந்தெடுத்த பாடல்கள் மட்டும் உள்ள தொகுப்பை வாங்கக் கூடாது. மாற்றம் பெரும்பாலும் பாடலுக்கும் பாடலுக்கும் நடுவில் உள்ள இரண்டு நிமிடத்தில் நடக்கிறது. தொகுப்பு போடுகிறவர் முதலில் வெட்டுவது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

படி 2: நோட்டில் நான்கு பத்தி

ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் இடம்: அங்கம், காட்சி, பதிவில் எத்தனையாவது நிமிடம். இரண்டாவதில் பாத்திரம் சொல்வது, ஒரே வரியில். மூன்றாவதில் குரல் செய்வது: நீளமாக இழுக்கிறதா, துண்டு துண்டாக வருகிறதா, மேலே ஏறுகிறதா, பேச்சாகவே இறங்கிவிடுகிறதா. நான்காவதில் ஆர்கெஸ்ட்ரா: முன்பு கேட்ட மெட்டு ஏதாவது வந்ததா, வந்தால் முதலில் அது யாருடையது.

இரண்டாவது பத்தியும் நான்காவதும் ஒன்றுக்கொன்று முரண்படும் இடங்களைச் சிவப்பு மையால் கோடிடுங்கள். பாத்திரம் மாறுவது அங்கேதான். முதல் முறை கேட்கும்போது நான்கு பத்தியையும் நிரப்பப் பார்த்தால் திணறிப்போவீர்கள். முதல் தடவை முதல் இரண்டை மட்டும் எழுதுங்கள். மற்ற இரண்டை இரண்டாம் தடவைக்கு விடுங்கள்.

படி 3: ‘தாயிஸில்’ தொடங்குங்கள்

1894 மார்ச் 16 அன்று பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது. அனத்தோல் ஃப்ரான்ஸின் நாவலிலிருந்து லூயி கல்லே எழுதிய லிப்ரெட்டோ. மூன்று அங்கம், ஏழு காட்சி, சுமார் இரண்டேகால் மணி நேரம். கதை நடப்பது நான்காம் நூற்றாண்டு எகிப்தில். நைல் கரைப் பாலைவனத்தில் தவமிருக்கும் அத்தனாயேல் என்ற துறவி, பாரிடோன், அதாவது நடுத்தர ஆண் குரல். அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கணிகை தாயிஸ், சொப்ரானோ, அதாவது மிக உயர்ந்த பெண் குரல். அவர் அவளைத் திருத்தப் போகிறார், அவள் திருந்துகிறாள், அவர் கெடுகிறார். இரண்டு கோடுகள் எக்ஸ் வடிவில் வெட்டிக்கொள்வதுபோல அமைந்த கதை என்பதால் பழகுவதற்கு இதுதான் சரியான முதல் படைப்பு.

முதல் காட்சியிலேயே ஒரு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். இளம் வயதில், துறவுக்கு முன், தாயிஸின் வீட்டு வாசற்படி வரை போய் நின்றதாக அத்தனாயேல் சக துறவிகளிடம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். அந்த ‘வாசற்படி’யை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். மூத்த துறவி பாலேமோன், உலகத்தார் விவகாரத்தில் நாம் தலையிட வேண்டாம் என்று எச்சரிக்கிறார். இவர் கேட்பதில்லை.

இரண்டாம் காட்சியில் அலெக்சாந்திரியாவைப் பார்த்து அத்தனாயேல் பாடும் பாட்டு. சொற்களில் இருப்பதெல்லாம் வெறுப்பு. பாவத்தில் நான் பிறந்த ஊர், பயங்கரமான நகரம் என்கிறார். ஆர்கெஸ்ட்ராவோ அந்த நகரத்தை மினுமினுப்பும் அகலமுமாக, ஆசை தீர வரைகிறது. சிவப்புக் கோடு போட வேண்டிய முதல் இடம் இது. இந்தப் பாட்டை வெறும் கோபப் பாட்டாக எடுத்துக்கொள்கிறவர்கள், மூன்றாம் அங்கத்தில் அவர் சரிவதைத் திடீர்த் திருப்பம் என்று நினைத்துவிடுவார்கள். சரிவு தொடங்கியதே இங்கேதான்.

இரண்டாம் அங்கம், முதல் காட்சி. தாயிஸ் கண்ணாடி முன் தனியாக இருக்கிறாள். நான் அழகி என்று சொல், என்றென்றும் அழகியாக இருப்பேன் என்று சொல் என்று கண்ணாடியிடம் கெஞ்சுகிறாள். சொப்ரானோக்கள் தனியாகப் பாடிக் கைதட்டு வாங்கும் பாட்டு. தனியாகக் கேட்டால் தற்பெருமைபோல இருக்கும். காட்சிக்குள் வைத்துக் கேட்டால் அது பயம்: வயதாகும் பயம், சாவுப் பயம். ‘என்றென்றும்’ என்ற சொல் ஏறிப்போய் நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அடுத்து அத்தனாயேல் உள்ளே வந்து நித்திய வாழ்வு தருகிறேன் என்கிறார். அவள் கண்ணாடியிடம் கேட்டதையே இவர் வேறு கடையில் விற்கிறார். தாயிஸ் மனம் மாறக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அவள் கேள்வி அப்படியே இருக்கிறது, பதில் சொல்பவர்தான் மாறியிருக்கிறார்.

இந்தக் காட்சியின் முடிவில் பலர் தடுமாறுவார்கள். வெளியே பணக்காரக் காதலன் நிசியாஸின் குரல் கேட்கிறது. அத்தனாயேல், விடியும் வரை உன் வாசற்படியில் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். தாயிஸோ, இல்லை, நான் கணிகை தாயிஸாகவே இருப்பேன், எதையும் நம்பமாட்டேன் என்று கத்திச் சிரிக்கிறாள், சிரிப்பு விம்மலாகிறது, திரை விழுகிறது. சொல்லளவில் அவள் மறுத்தேவிட்டாள்.

உடனே வருவதுதான் உலகமெங்கும் வயலின் கச்சேரிகளில் வாசிக்கப்படும் ‘மெதித்தாசியோன்’, அதாவது தியானம். டி மேஜர் என்ற மேற்கத்திய ஸ்வர அடுக்கில், ஐந்தாறு நிமிடம். ஹார்ப்பின் மேல் தனி வயலின், நடுவில் ஒரு கொந்தளிப்பு, பிறகு முதல் மெட்டு மீண்டும் வருகிறது. ஓபராவுக்குள் கேட்டால், திரைக்குப் பின்னாலிருந்து வாய் மூடிய கோரஸின் முனகலும் கடைசியில் சேரும். கச்சேரி வடிவில் அது இருக்காது.

வழக்கமான விளக்கம் இது தாயிஸின் உள்ளம் மாறும் இசை என்பது. அது சரி, ஆனால் போதாது. அந்த ஐந்து நிமிடமும் அத்தனாயேல் எங்கே இருக்கிறார்? அடுத்த காட்சி தொடங்கும்போது தாயிஸின் வீட்டுப் படிகளின் கீழே படுத்துக் கிடக்கிறார். முன்பு நின்று திரும்பிப்போன அதே வாசற்படி. ஆகவே வயலின் பாடுகையில் கதவுக்கு உள்ளே ஒருத்தி கரை சேர்கிறாள், வெளியே ஒருவர் இளமையில் விட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறார். நடுவில் வரும் கொந்தளிப்பு யாருடையது என்று மாஸ்னே எழுதி வைக்கவில்லை. நான்காவது பத்தியில் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

அடுத்த காட்சியில் உங்கள் கணிப்புக்குச் சான்று கிடைத்துவிடும். எல்லாவற்றையும் எரித்துவிடச் சொல்கிறார் அத்தனாயேல். தாயிஸ் ஒரே ஒரு பொருளை மட்டும் விட்டுவைக்கக் கேட்கிறாள்: தந்தத்தில் செதுக்கிய சிறிய ஈரோஸ் சிலை, கிரேக்கர்களின் காதல் தெய்வம். காதல் அரிய குணம். நான் காதலுக்கு எதிராகச் செய்தது பாவம், காதலால் செய்ததல்ல என்பது அவள் வாதம். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், என்னைக் காதலித்தபோது நிசியாஸ் தந்தது இது என்று அவளே சொல்லும் வரை. ‘நிசியாஸ்’ என்ற பெயர் காதில் விழுந்ததும் சிலையைப் பிடுங்கித் தரையில் அடித்து நொறுக்குகிறார். துறவியின் கோபம் இப்படி இருக்காது. பொறாமைக்காரன் கோபம்தான் இப்படி இருக்கும். நடத்துநர் சிலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பெயருக்கும் உடைப்புக்கும் நடுவில் ஒரு மூச்சு விடாவிட்டால் பார்வையாளருக்குக் காரணம் எட்டாது.

படி 4: அத்தனாயேலுக்குத் தனிப் பக்கம்

மூன்றாம் அங்கத்தில் நோட்டின் பக்கத்தைத் திருப்பி, அவருக்கென்று தனியாகத் தொடங்குங்கள். முதலில் பாலைவனச் சோலைக் காட்சி. 1894-ல் இது கிடையாது, 1898 திருத்தத்தில் சேர்த்தது. நட, உடலை முறி, சதையை அழி என்று அவளை விரட்டிக்கொண்டு வருகிறவர், அவள் வெள்ளைப் பாதங்களில் இரத்தம் கசிவதைக் கண்டதும் மண்டியிட்டுப் பாதத்தை முத்தமிடுகிறார், ‘புனித தாயிஸ்’ என்கிறார். இந்த ஓபராவில் அவர் குரல் முதல்முறையாக மென்மையாவது இங்கேதான். பிறகு தண்ணீரும் பழமும் கொண்டுவந்து கொடுக்க, இருவரும் சேர்ந்து பாடும் அமைதியான பாட்டு. பக்தியும் ஆசையும் பிரிக்க முடியாமல் கலந்த இடம். அன்னை அல்பினின் மடத்தில் அவளை ஒப்படைத்ததும் அவள் என்றென்றைக்குமாக விடை சொல்கிறாள். ‘என்றென்றைக்குமா?’ என்று அவர் திருப்பிக் கேட்பது ஒரே சொல். மூன்றாவது பத்தியில் எழுதுங்கள்: குரல் உடைகிறது. கண்ணாடிப் பாட்டின் ‘என்றென்றும்’ இப்போது இவர் தலையில் விழுந்திருக்கிறது.

இந்தக் காட்சியை வெட்டி நடத்தினால் அத்தனாயேல் வெறும் கபடதாரியாகத் தெரிவார். வெட்டியிருக்கும் பதிவை முதல் பதிவாகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அடுத்த காட்சியில் பாலேமோனிடம் உண்மையை ஒப்புக்கொள்கிறார், கனவில் தாயிஸ் முதல் அங்கத்தில் அவரைக் கேலி செய்து பாடிய பாட்டோடு வந்து சிரிக்கிறாள், அவள் சாகிறாள் என்று குரல்கள் சொல்ல ஓடுகிறார். வேகமாக நகரும் பகுதி, இரண்டு வரி எழுதினால் போதும்.

கடைசிக் காட்சிக்கு நோட்டை மூடிவிடுங்கள், முதல் தடவையாவது. மெதித்தாசியோன் மெட்டு திரும்புகிறது. இந்த முறை தாயிஸ் அதன் மேல் பாடுகிறாள்: அந்த ஒளி நிறைந்த பயணம் நினைவிருக்கிறதா என்று. அதே மெட்டுக்குள் புகுந்து அத்தனாயேல், நான் சொன்னது பொய், வாழ்க்கையும் மனிதரின் காதலும் தவிர எதுவும் உண்மையில்லை என்று கதறுகிறார். அவள் காதில் அது விழவில்லை. இரண்டு முறை மேல் டி என்ற மிக உயர்ந்த ஸ்வரத்தைத் தொட்டு, வானம் திறப்பதைக் கண்டு இறக்கிறாள். வயலினில் வார்த்தையின்றி இருவருக்கும் பொதுவாக இருந்த மெட்டு இங்கே சொல் பெற்று, இரண்டு எதிர்த் திசைகளுக்குக் கிழிகிறது.

படி 5: ‘மனோன்’: மாறுவது யார்?

1884 ஜனவரி 19, ஓபெரா-கோமிக் அரங்கு. ஐந்து அங்கம். இங்கே முறையைச் சற்று மாற்ற வேண்டும். மனோனின் குணம் கடைசி வரை மாறுவதில்லை, அவள் பாடும் விதம்தான் அங்கத்துக்கு அங்கம் மாறுகிறது. ஆகவே மூன்றாவது பத்தி முக்கியம்.

முதல் அங்கத்தில் ஆமியேன் விடுதி முற்றத்தில் வண்டியிலிருந்து இறங்கும் பெண், கன்னிமடத்துக்கு அனுப்பப்படுகிறவள். முதல் பயணத்தின் கிறக்கத்தில் சிரிப்பும் அழுகையுமாக மூச்சு வாங்கிப் பாடுகிறாள். இரண்டாம் அங்கத்தில் பாரிஸில் காதலன் தெ க்ரியூவோடு சிறு அறை. அன்று இரவு அவனை அவன் தந்தையின் ஆட்கள் தூக்கிப் போகப்போகிறார்கள் என்று தெரிந்தும் சொல்லாமல் மறைக்கிறாள். அப்போது சாப்பாட்டு மேசைக்கு விடை சொல்கிறாள். இருவருக்கும் ஒரே கோப்பைதான் இருந்தது, குடிக்கும்போது ஒருவர் உதட்டை மற்றவர் அதில் தேடினோம் என்கிறாள். அலங்காரமே இல்லாத, சிறிய வீச்சில் அடங்கும் பாட்டு. துரோகம் செய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் அவள் குரல் மிக நேர்மையாக ஒலிக்கிறது. சிவப்புக் கோடு.

மூன்றாம் அங்கம் கூர்-லா-ரேன் பூங்காவில். அரசிபோல நடக்கிறேன் என்று மேல் டி வரை எகிறும் மினுக்கல் பாட்டு. இதை மாற்றம் என்று குறிக்காதீர்கள், இது உடை. உண்மை மாற்றம் வருவது அதற்குப் பிறகு நடனத்தின்போது. அவளை மயக்குவதற்காகவே பணக்காரக் கிழவன் கிய்யோ ஓபரா நடனக் குழுவை வரவழைக்கிறான். அதற்குச் சற்று முன்புதான், தெ க்ரியூ பாதிரியாராகப் போகிறான் என்பதை அவன் தந்தை வாயிலாகக் கேட்டிருக்கிறாள். நடனம் முடிந்ததும் கிய்யோ எப்படி இருந்தது என்று கேட்க, நான் எதையும் பார்க்கவில்லை என்கிறாள். பல்லக்கைக் கொண்டுவா, சேன்-சுல்பீஸுக்குப் (அவன் இருக்கும் குருமடம்) போக வேண்டும் என்கிறாள். மேடையில் நடனம் ஓடும் அந்த நிமிடங்களில்தான் முடிவு எடுக்கப்படுகிறது, அதற்கு ஒரு பாட்டு கூட இல்லை. நேரம் மிச்சம் பிடிக்க நடனத்தை வெட்டும் அரங்குகள், தெரிந்தோ தெரியாமலோ மனோனின் மிகப் பெரிய திருப்பத்தை வெட்டுகின்றன.

சேன்-சுல்பீஸில் அங்கி அணிந்த தெ க்ரியூவிடம், இந்தக் கை தொடும் கை என்னுடையது இல்லையா என்று பாடி அவனை மீட்டுக்கொள்கிறாள். அந்த மெட்டை மனப்பாடம் ஆகும் வரை கேளுங்கள். ஐந்தாம் அங்கத்தில் லெ ஹாவ்ர் சாலையில் நாடு கடத்தப்படும் வழியில் அவள் சாகும்போது அதே வரியை அவளை எழுப்புவதற்காகத் தெ க்ரியூ பாடுகிறான். மயக்கப் பிறந்த மெட்டு மன்றாட்டாகிக் கைமாறிவிட்டது. மாறியவன் அவன்: காதலன், பாதிரி, நான்காம் அங்கத்தில் சூதாடி, கடைசியில் பிச்சைக்காரனைப்போல நிற்பவன். அவளோ முதல் நட்சத்திரத்தைப் பார்த்து, ஆகா, எத்தனை அழகான வைரம் என்கிறாள். பார், இன்னும் நான் மினுக்கிதான் என்று சேர்த்துக்கொள்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. ஓபெரா-கோமிக் மரபில் பேச்சு வசனம் உண்டு. மாஸ்னே அந்தப் பேச்சுக்குக் கீழே ஆர்கெஸ்ட்ராவை ஓடவிட்டிருக்கிறார். பாட்டு வரவில்லையே என்று இந்த இடங்களைத் தள்ளிவிட்டால் நினைவு மெட்டுகளில் பலவற்றை இழப்பீர்கள்.

பாடகிகளுக்கு: மூன்றாம் அங்கத்து மேல் டி-க்களைக் குறிவைத்து மெல்லிய குரலைத் தேர்ந்தால் சேன்-சுல்பீஸில் அது எடுபடாது. இந்த வேடத்துக்கு அளவெடுக்க வேண்டிய இடம் சேன்-சுல்பீஸ்தான்.

படி 6: ‘வெர்தரில்’ ஷார்லோத்

1892 பிப்ரவரி 16-ல் வியன்னாவில் ஜெர்மன் மொழியில் முதலில் அரங்கேறியது. தலைப்பு வெர்தர் என்றாலும் அவன் முதல் காட்சியில் இருந்த நிலையிலேயே இறக்கிறான். மாறுகிறவள் அவன் காதலிக்கும் ஷார்லோத், மெஸ்ஸோ (சொப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த பெண்) குரலுக்கு எழுதப்பட்டவள்.

முதல் இரண்டு அங்கத்தில் அவளுக்குத் தனிப் பாட்டு இல்லை. தம்பி தங்கைகளுக்கு ரொட்டி வெட்டித் தருகிறாள், தாய்க்குக் கொடுத்த வாக்குப்படி ஆல்பேரை மணக்கிறாள், வெர்தரின் நீண்ட வரிகளுக்குக் குட்டையாகப் பதில் சொல்கிறாள். நிலவொளியில் நடனத்திலிருந்து திரும்பும் காட்சியில் ஆர்கெஸ்ட்ரா மெதுவாக வாசிக்கும் மெட்டைப் பிடித்துவையுங்கள், அவளால் சொல்ல முடியாததை அது சொல்கிறது. மூன்றாம் அங்கம், டிசம்பர் 24: வெர்தரின் கடிதங்களைப் படிக்கிறாள். தன் குரலில் அவன் சொற்களைப் பாடுவதுதான் முதல் உடைப்பு. தங்கை சோஃபி வந்து சிரிக்கச் சொல்ல, கண்ணீர் ஓடட்டும் விடு என்று பாடுகிறாள். கூடவே ஆல்ட்டோ சாக்ஸஃபோன். சத்தம் குறைந்த ஸ்பீக்கரில் அது கிளாரினெட்போலக் கேட்டுத் தப்பிவிடும், ஹெட்ஃபோன் போடுங்கள். அடுத்தது பிரார்த்தனை. ஒரே இருக்கையில் மூன்று படி இறங்குகிறாள். இந்தப் பகுதியை நடுவில் நிறுத்தாமல் கேட்க வேண்டும்.

இவ்வளவு பழகியபின் நோட்டோடு ‘தோன் கிஷோத்’ (மான்டே கார்லோ, 1910) பக்கம் போகலாம். அதில் கிழட்டு வீரனை விட்டுவிட்டுச் சாஞ்சோவைப் பின்தொடருங்கள். தொடக்கத்தில் பெண்களைத் திட்டிச் சிரிப்பு மூட்டும் வேலைக்காரன், நான்காம் அங்கத்தில் தன் எஜமானரைக் கேலி செய்யும் கூட்டத்தைப் பார்த்து, சிரியுங்கள், இந்த ஏழைக் கனவுக்காரரைப் பார்த்துச் சிரியுங்கள் என்று எதிர்த்து நிற்கிறான். நடுவில் எந்த இடத்தில் திரும்பினான் என்று இங்கே சொல்லவில்லை. நான்காவது பத்தியை நிரப்பிப் பாருங்கள்.